“எத்தினை இருக்கு, தம்பி?”

மழை விட்டும் விடாமலும் தூறுகிற இந்த மார்கழி மாலையில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும், ஏறாவூரிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும், மண்முனைப் பாலம் தாண்டிப் படுவான்கரையிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கிற தாய்மாரே, பெரியோரே, மாணவச் செல்வங்களே, என்னோடு ஆய்வுகூடத்தில் நின்று நின்றே கால் வீங்கிப்போன பழைய தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியன் அல்ல. வைத்தியர் எழுதிக் கொடுக்கும் துண்டைப் பார்த்துக் குருதியைச் சோதித்துத் திருப்பி அனுப்புகிற ஆய்வுகூடக்காரன். ஓய்வு பெற்றும் சில வருடங்களாகிவிட்டன. ஆகவே இன்று மருந்து கேட்டு வந்தவர்கள் மன்னிக்கவேண்டும். குருதிக்குள்ளே ஓடுகிற ஒரு சிறு பொருளைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன். பாடசாலைப் புத்தகத்தில் அதற்குக் குருதிச் சிறுதட்டு என்று பெயர். தமிழ்நாட்டு ஏடுகளில் தட்டணு. வாட்டில் படுத்திருப்பவருக்கும் வாசலில் நிற்பவருக்கும் அது பிளேட்லெட்.

டெங்குக் காலத்தில் ஆய்வுகூட யன்னலடியில் நிற்பவர்களை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பிள்ளைக்கு என்ன காய்ச்சல் என்று கேட்கமாட்டார்கள். வைத்தியர் என்ன சொன்னார் என்றும் பேசமாட்டார்கள். ஒரேயொரு கேள்விதான்: “எத்தினை இருக்கு, தம்பி?” நேற்று எண்பத்தெட்டு ஆயிரம், இன்று அறுபத்திரண்டு என்றால் தாய் யன்னல் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிடுவா. அடுத்த நாள் எழுபது என்றால் அதே தாய் என் கையைப் பிடித்து, “நீ நல்லா இருக்கவேணும் மனே” என்று வாழ்த்துவா. நான் செய்தது என்ன? எண்ணினேன். வேறொன்றுமில்லை. ஆனால் அந்த எண்ணோடு ஒரு குடும்பமே ஏறி இறங்குவதை எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். இந்த எண்ணை நாங்கள் சரியாகத்தான் வாசிக்கிறோமா?

அதைக் கேட்கத்தான் இன்று வந்தேன்.

இப்போது எண்ணுவதற்கு இயந்திரம் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் கடதாசி வந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கையால் எண்ணினோம். குருதியை ஒன்றுக்கு இருபது என்று அமோனியம் ஒக்சலேட்டுக் கரைசலில் கலக்கவேண்டும். செங்குழியங்கள் உடைந்து மறைந்துபோகும், சிறுதட்டுகள் மிஞ்சும். கோடு கீறிய கண்ணாடிக் கூடமொன்றில் ஒரு துளி விட்டு, நனைத்த வடிதாளோடு மூடிவைத்துவிட்டு இருபது நிமிடம் பொறுத்திருக்கவேண்டும். சிறுதட்டுகள் அடியில் படியவேண்டாமா? அதன் பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால், கருங்கல்லில் பட்ட மழைத்தூறல் போல மினுக்கு மினுக்கென்று தெரியும். தூசியும் அப்படித்தான் மினுங்கும். எது தூசி, எது சிறுதட்டு என்று கண் பழகவே மாதங்கள் எடுக்கும்.

அந்தக் கூடத்தில் ஐந்து சிறு சதுரங்களில் எண்ணி ஆயிரத்தால் பெருக்குவோம். நூற்றிருபது என்று எண்ணினால் ஒரு கன மில்லிமீற்றரில் 120,000. இப்போது யோசித்துப் பாருங்கள். என் கண் ஒன்றைத் தவறவிட்டால் ஆயிரம் குறையும். ஒரு தூசியைச் சேர்த்து எண்ணினால் ஆயிரம் கூடும். இரவு இரண்டு மணிக்கு, கண் எரிய எரிய எண்ணிய 62,000க்கும் காலையில் இன்னொருவர் எண்ணிய 66,000க்கும் என்ன வித்தியாசம்? பல தடவை எங்கள் இரண்டு பேரின் கண்களுக்கிடையிலான வித்தியாசம்தான். அதற்குத்தான் அந்தத் தாய் அழுதா, அதற்குத்தான் சிரித்தா.

இயந்திரம் வந்ததும் பிழை போய்விட்டதா? போகவில்லை, இடம் மாறியது. ஊதா மூடிப் போத்தலில் குருதி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். குருதி உறையாமலிருக்க அதற்குள் ஒரு மருந்து இருக்கும். சிலருடைய சிறுதட்டுகள் அந்த மருந்து பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இயந்திரம் கட்டியை எண்ணாது. ஒருமுறை, நல்ல சுகமாக நின்ற ஓர் இளம்பெண்ணுக்கு 18,000 என்று கடதாசி வந்தது. வீடே ஒப்பாரி வைக்கிற நிலை. கண்ணாடித் தட்டில் குருதியை இழுத்துச் சாயம் போட்டுப் பார்த்தேன். இழுத்த பூச்சின் ஓரத்தில் சிறுதட்டுகள் கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. வேறு மருந்துள்ள போத்தலில் மறுபடி எடுத்தோம், இரண்டு இலட்சத்துக்கு மேல் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் போத்தலுக்குள்தான்.

சரி, எண்ணுவதை விடுவோம். எண்ணப்படுவது என்ன?

சுகமாக உள்ள ஒருவரின் குருதியில் ஒரு கன மில்லிமீற்றருக்கு 150,000 முதல் 450,000 வரை சிறுதட்டுகள் இருக்கும். ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். அதற்குக் கரு கிடையாது. உண்மையில் அது ஒரு முழுக் கலமே அல்ல, பெரிய கலமொன்றிலிருந்து பிய்ந்த துண்டு. நம் என்பு மச்சைக்குள் மாபெரும் கலங்கள் சில உண்டு. அவை குருதிக் குழாய்க்குள் கையை நீட்டி, அந்தக் கையைத் துண்டு துண்டாக உதிர்க்கின்றன. ஒவ்வொரு கலத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் உதிரும். ஒரு நாளைக்கு உங்கள் உடல் ஏறக்குறைய பத்தாயிரம் கோடி சிறுதட்டுகளைச் செய்கிறது. ஒன்றின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். மூன்றில் ஒரு பங்கு எப்போதும் மண்ணீரலில் தங்கி நிற்கும். சரியாகச் சொன்னால், கடந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை கோயிலுக்கோ பள்ளிக்கோ போனபோது உங்கள் உடலில் ஓடியவற்றில் பெரும் பகுதி இன்று இல்லை.

இவ்வளவு குறுகிய வாழ்க்கையில் இவை செய்வது என்ன?

வீட்டில் இறால் உரிக்கிறீர்கள். தலைக்கொம்பு விரலில் ஏறிவிடுகிறது. ‘ஸ்’ என்று விரலை வாயில் வைப்பதற்குள் அங்கே வேலை தொடங்கிவிட்டது. குழாயின் உட்சுவர் கிழிந்து, அடியிலுள்ள நார் வெளியே தெரிகிறது. ஓடிப்போகிற சிறுதட்டு அந்த நாரைக் கண்டதும் உருளுகிறது, ஒட்டுகிறது, வடிவம் மாறுகிறது. தட்டையாக இருந்தது முள்ளு முள்ளாகிறது. தன் வயிற்றுக்குள் வைத்திருந்த இரசாயனங்களை வெளியே கொட்டுகிறது. ‘வா, வா’ என்ற அழைப்பு அது. பின்னால் வருகிறவை வந்து ஒட்டுகின்றன, அவை இன்னும் சிலவற்றைக் கூப்பிடுகின்றன. இதற்கிடையில் குருதி நீரிலுள்ள புரதங்கள் நூலாகத் திரிந்து வலை பின்னுகின்றன. மீனவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, வலை விரித்தால் மட்டும் போதுமா? இழுக்கவேண்டும். சிறுதட்டுகள் அந்த வலையைப் பற்றி உள்ளே இழுத்து இறுக்குகின்றன. காயத்தின் வாய் சுருங்குகிறது. அதோடு விட்டதா? புண் ஆறுவதற்கு வேண்டிய வளர்ச்சிச் சத்துகளையும் அவையே விட்டுச் செல்கின்றன.

இனித்தான் முக்கியமான இடம். அடைத்த அடைப்பு அப்படியே இருக்கலாமா?

நம் வாவியின் முகத்துவாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோடையில் மணல் சேர்ந்து மூடிக்கொள்கிறது. மாரியில் வாவி நிறைந்து வெள்ளாமை தாழத் தொடங்கினால் என்ன செய்கிறோம்? முகத்துவாரம் வெட்டுகிறோம். எப்போது வெட்டுவது என்று விவசாயிக்கு ஒரு கணக்கு, மீனவருக்கு இன்னொரு கணக்கு. ஒவ்வொரு மாரியிலும் அந்த வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் வளர்ந்தோம். மூடியே இருந்தாலும் கேடு, திறந்தே கிடந்தாலும் கேடு. நம் குருதிக்குள்ளும் இதே வழக்குத்தான். சிறுதட்டு மணல் போட்டு மூடும். மூடிய கட்டியைக் கரைத்து வழிவிட வேறு புரதங்கள் இருக்கின்றன. இரண்டும் இணங்கிப் போகும்வரை நாம் அவற்றை நினைப்பதே இல்லை.

சிறுதட்டின் இந்த வேலையைக் கண்ணால் கண்டு தெளிவாகச் சொன்னவர் ஓர் இத்தாலியர். டுரின் நகரத்துப் பேராசிரியர் ஜூலியோ பிசோசெரோ. அவருக்கு முன்னரும் சிலர் இந்தத் துணுக்குகளைக் கண்டதுண்டு. ஆனால் அவை எதற்கு என்பது அப்போது தெளிவாகவில்லை. 1882இல் பிசோசெரோ உயிருள்ள விலங்கின் மெல்லிய குழாய்களை நுண்ணோக்கியில் வைத்து, சுவர் காயப்பட்ட இடத்தில் இவை வந்து ஒட்டுவதைப் பார்த்தார். குருதியின் மூன்றாவது உறுப்பு இது, செங்குழியமும் அல்ல, வெண்குழியமும் அல்ல என்றார். பின்னாளில் அந்த மனிதருக்குக் கண் வருத்தம் வந்தது, நுண்ணோக்கி பார்க்க முடியாமல் போனது. சும்மா இருந்தாரா? பொதுச் சுகாதாரத்தின் பக்கம் திரும்பிவிட்டார். ஆய்வுகூடக்காரன் என்ற முறையில் அவர் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். கண்தானே எங்கள் தொழிலின் மூலதனம்!

இந்தச் சிறுதட்டுகள் எங்கே, எப்படிக் கெடுதல் செய்கின்றன? இதயத்தின் நாடியில் வருடக்கணக்காகக் கொழுப்புப் படிந்து ஒரு மேடு உண்டாகிறது. சீனி வருத்தம், பீடி சிகரெட், உயர் அழுத்தம் எல்லாம் சேர்ந்து வளர்த்த மேடு. ஒரு நாள் அந்த மேட்டின் தோல் கிழிகிறது. சிறுதட்டுக்கு அது இறால் குத்திய விரலா, இதயத்து நாடியா என்று தெரியுமா? தெரியாது. நார் தெரிந்தது, ஓடி வந்து ஒட்டியது. நாடி அடைபட்டது. இதைத்தான் மாரடைப்பு என்கிறோம். மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பாரிசவாதம். ஆக, உயிரைக் காக்கிற அதே வேலை, இடம் மாறி நடந்தால் உயிரை எடுக்கிறது.

இங்கேதான் அஸ்பிரின் வருகிறது. நெஞ்சு நோவோடு வருபவருக்கு வாட்டில் முதலில் சப்பக் கொடுக்கும் குளிசை. பிரித்தானியரான ஜோன் வேன் 1971இல் அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார், 1982இல் நோபல் பரிசும் பெற்றார். சிறுதட்டின் ‘வா, வா’ என்ற அழைப்பில் ஒன்றை அஸ்பிரின் அடக்கிவிடுகிறது. சிறுதட்டுக்குக் கரு இல்லை என்றேனே, அதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். கரு இல்லாததால் கெட்டுப்போன கருவியை அதனால் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. ஒருமுறை அஸ்பிரின் பட்ட சிறுதட்டு சாகும்வரை ஊமைதான். ஒரு வாரத்துக்கு மேலாகப் புதியவை பிறந்து பிறந்துதான் குரல் திரும்பும். பல்லுப் பிடுங்கப் போனால் “அஸ்பிரின் பாவிக்கிறீர்களா?” என்று கேட்பது இதற்காகத்தான். வைத்தியர் சொல்லாமல் நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்து.

வேண்டாத இடத்தில் ஒட்டுவதைப் பார்த்தோம். எண்ணிக்கை குறைந்தால்?

தோலின் கீழே குண்டூசித் தலை அளவில் செம்புள்ளிகள் வரும். கண்ணாடிக் குவளையை அழுத்திப் பார்த்தால் நுளம்புக் கடித் தடிப்பின் சிவப்பு மறையும், இந்தப் புள்ளி மறையாது. முரசு கசியும், மாதவிடாய் நிற்காமல் போகும். சிலருக்கு உடலே தன் சிறுதட்டைப் பகையென்று நினைத்து அழிக்கும். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? 1950இல் அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹரிங்டன் என்ற இளம் வைத்தியர், அந்த நோய் கண்ட பெண்ணொருவரின் குருதியைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணித்தியாலத்தில் அவருடைய சிறுதட்டுகள் பத்தாயிரத்துக்கும் கீழே விழுந்துவிட்டன. வலிப்பு வந்தது, உடம்பெல்லாம் கண்டல். சில நாளில் தேறினார். என்புமச்சை பழுதில்லை, குருதி நீரில் ஏதோ ஒன்று சிறுதட்டைக் கொல்கிறது என்று உலகம் அறிந்தது இப்படித்தான். துணிச்சல் என்று சொல்வதா, விசர் என்று சொல்வதா? என் மனைவி இரண்டாவதைத்தான் சொல்லுவா.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். டெங்கு.

2017ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டவர்கள் டெங்கு என்று பதிவானார்கள். வாட்டில் கட்டில் இல்லை, கட்டிலுக்கு அடியிலும் பாய். அந்தக் காலத்தில் எந்தத் தேநீர்க்கடையிலும் பிளேட்லெட் பேச்சுத்தான். எல்லோரும் நம்பியது என்ன? பிளேட்லெட் குறைகிறது, அதனால் குருதி வடிகிறது, அதனால் சாவு வருகிறது என்று.

தாய்மாரே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். டெங்கில் பெரும்பாலும் உயிரை எடுப்பது கசிவு. குருதிக் குழாய்கள் ஒழுகத் தொடங்குகின்றன. அடைப்பு இளகிய பழைய தோணிக்குள் வெளித்தண்ணீர் வருவதைக் கண்டிருப்பீர்கள். இங்கே உள்ளே இருக்கிற நீர் வெளியே போகிறது. குருதியின் நீர்ப்பகுதி நெஞ்சறைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ஒழுகிப்போக, குழாய்க்குள் மிஞ்சுகிற குருதி தடிக்கிறது. நாடித்துடிப்பு மெலிகிறது, கைகால் குளிருகிறது. இந்தக் கசிவு இருபத்திநான்கு முதல் நாற்பத்தெட்டு மணித்தியாலம் வரை நீடிக்கும். எப்போது தொடங்கும்? பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில். “காய்ச்சல் விட்டிட்டுது, பிள்ளை சுகம்” என்று வீட்டார் மூச்சு விடுகிற அந்த நேரத்தில்!

அப்படியானால் பிளேட்லெட் எண்ணிக்கை எதற்கு? அது மணிக்கூடு. ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்குகிறது என்றால் கசிவின் நேரம் நெருங்குகிறது என்று வைத்தியருக்கு அது சொல்கிறது. அதனால்தான் மூன்றாம் நாளிலிருந்து குருதி எடுக்கிறார்கள். மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு அவர்கள் கவனிப்பது வேறொன்றை. குருதி எவ்வளவு தடித்தது, அழுத்தம் எப்படி, கடைசி மணித்தியாலத்தில் எவ்வளவு சலம் போனது. நீர் குறைந்தாலும் ஆபத்து, சேலைன் கூடிப்போனாலும் நெஞ்சில் நீர் கட்டும். ஒவ்வொரு மணித்தியாலமும் அளந்து விடவேண்டும். சலம் அளக்கிற தாதிக்கு யாரும் நன்றி சொல்லி நான் கண்டதில்லை. யன்னலடியில் எண் சொன்ன எனக்குத்தான் வாழ்த்து!

“அப்ப பிளேட்லெட் ஏத்தினால் என்ன?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 டெங்கு நோயாளரை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினருக்கு மட்டும் முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றிப் பார்த்தார்கள். அவர்களெல்லோருக்கும் இருபதாயிரமோ அதற்குக் கீழேயோதான் இருந்தது, ஆனால் பெரிய குருதிப்பெருக்கு இல்லை. 2017இல் முடிவு வெளியானது. ஏற்றியதால் குருதி வடிவது குறையவில்லை, பக்கவிளைவு கூடியது. உண்மையில் குருதி பெருகிக்கொண்டிருப்பவருக்கு ஏற்றுவது வேறு விடயம். எண்ணைப் பார்த்துப் பயந்து ஏற்றுவது வீண். வீணாக்கக்கூடிய பொருளா அது? செங்குழியத்தைக் குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கலாம். பிளேட்லெட்டை வழக்கமாகக் குளிரில் வைப்பதில்லை, அறை வெப்பத்தில், ஏணையில் பிள்ளையை ஆட்டுவது போல ஓயாமல் ஆட்டிக்கொண்டே வைத்திருக்கவேண்டும். அதுவும் பெரும்பாலும் ஐந்தே நாள். பிறகு கொட்டவேண்டியதுதான். அங்கே புற்றுநோய்க்கு மருந்தேற்றி மச்சை வற்றிப்போன ஒரு பிள்ளை அதற்காகக் காத்திருக்கிறது.

பப்பாசி இலைச் சாறு? இந்தக் கேள்வி இல்லாமல் நீங்கள் என்னை வீட்டுக்கு விடமாட்டீர்கள் என்று தெரியும். எண்ணிக்கை கொஞ்சம் விரைவாக ஏறுவதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. சரி, ஏறட்டும். கசிவை அது நிறுத்துகிறதா? அப்படி யாரும் காட்டவில்லை. சத்தி எடுக்கிற பிள்ளைக்குக் கைப்புச் சாறைப் பருக்கி இன்னும் சத்தி எடுக்கப் பண்ணாதீர்கள். ஜீவனி கொடுங்கள், இளநீர் கொடுங்கள், கஞ்சி கொடுங்கள். காய்ச்சலுக்குப் பனடோல், அதுவும் அளவோடு. மேல் நோவுக்கென்று கடையில் புரூபனோ டைக்குளோபினாக்கோ அஸ்பிரினோ வாங்கிக் கொடுக்கவே கூடாது. இருக்கிற கொஞ்சச் சிறுதட்டையும் ஊமையாக்கலாமா? மாரடைப்பில் உயிர் காத்த அஸ்பிரின் இங்கே எமன். இதயத்துக்காக நாளும் அஸ்பிரின் குடிப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியரிடம் அதைச் சொல்லவேண்டும்.

படுவான்கரையிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணிக்கை குறைந்ததெல்லாம் டெங்கு அல்ல. வயலில் இறங்கியவருக்கு வருகிற எலிக்காய்ச்சலிலும் சிறுதட்டு விழும். அதற்கு மருந்து இருக்கிறது, நேரத்துக்குக் கொடுத்தால் மாறும். ஆகவே காய்ச்சலோடு போனால் ‘வெள்ளாமைக்குள் நின்றனான்’ என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

கடைசியாக, இந்த வாவிக்கரைக்கே உரிய ஒரு செய்தி. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று நாங்கள் படித்தோம், பிள்ளைகளுக்கும் படிப்பித்தோம். ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து சுரேந்திரன், நம் கிழக்குப் பல்கலைக்கழகத்து வினோபாபா ஆகிய ஆய்வாளர்கள் சேர்ந்து மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கரையோரமெல்லாம் தேடிப் பார்த்தார்கள். 2011இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு எங்களுக்குப் புதுச் செய்தி. உவர்த் தண்ணீரிலும் அந்தக் கூத்தாடிகள் இருந்தன! லீற்றருக்குப் பதினைந்து கிராம் வரை உப்புள்ள தண்ணீரில், கடல்நீரில் ஏறக்குறையப் பாதி உப்பு அது. எங்கே இருந்தன? எறிந்த பிளாஸ்டிக் கோப்பைகளில், கைவிட்ட கிணறுகளில், கரையில் இழுத்துப் போட்டுப் பாவிக்காமல் விட்ட தோணிகளில். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பூச்சாடியையும் டயரையும் பார்த்துவிட்டுப் போவார். வளவு சுத்தமென்று நாமும் இருந்துவிடுவோம். வேலிக்கு வெளியே, வாவியோரம், பழைய தோணியின் அடித்தட்டில் மழையும் உவரும் கலந்து நிற்கிற இரண்டங்குலத் தண்ணீரை யார் பார்த்தது? இன்று வரும் வழியில் பாலத்துக்குப் பக்கத்தில் அப்படி மூன்றைக் கண்டேன். ஒன்றை நானும் ஓட்டோக்காரத் தம்பியுமாகக் கவிழ்த்துவிட்டு வந்தோம், அதனால்தான் பத்து நிமிடம் பிந்தினேன். மற்ற இரண்டும் பாரம், இன்னும் நாலு பேர் வேண்டும். கூட்டம் முடிந்து அந்தப் பக்கமாகப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று போங்கள்.

பேச்சு முடிந்தது. பின் வாங்கின் அருகிலுள்ள மேசையில் ஒரு நுண்ணோக்கி வைத்திருக்கிறேன். தட்டில் இருப்பது என் குருதிதான், இன்று காலை விரலில் குத்தி எடுத்துச் சாயம் போட்டது. இளஞ்சிவப்பில் வட்ட வட்டமாகக் கிடப்பவை செங்குழியங்கள். அவற்றுக்கு இடையில் கத்தரிப்பூ நிறத்தில், யாரோ நிறப்பொடியைச் சிந்திவிட்டது போல, தனியாகவும் இரண்டு மூன்றாகவும் தெரியும். அவைதான். குவியச் சில்லைத் திருகவேண்டாம், சரியாக வைத்திருக்கிறேன். ஒரு கண்ணை மூடவும் தேவையில்லை. சிறு பிள்ளைகளை முதலில் விடுங்கள், அவர்களுக்கு எட்டாது, ஒரு கதிரை எடுத்துப் போடுங்கள்.